அப்பா இன்னும் முடிக்கவில்லை

தம்பி,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்ததுமே நீ "தெரியும்மா" என்பாய். தெரியும் என்று சொல்பவனிடம் மேற்கொண்டு என்னத்தைச் சொல்வது? வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்றால், அதை நீ ஒன்றரை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் பெண்டாட்டி வித்யாவே சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் ஒரு தரம் அப்படி ஓடவிட்டுப் பார்த்தேன். என் குரல் எலிக்குஞ்சு கத்துகிற மாதிரி இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் ஒரு சௌகரியம், நடுவில் புகுந்து நீ எதுவும் சொல்ல முடியாது. இரண்டு வரி படித்துவிட்டு "ஓகே மா" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டாதே. கடைசி வரை படி. சனிக்கிழமைக்குள் நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. பாதி படித்துவிட்டு வந்தால் அதைக் கெடுத்துவிடுவாய்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் வலது காலில், சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் புண். உன்னிடம் "லேசான காயம்" என்றுதான் சொல்லியிருந்தேன். அப்போது அப்படித்தான் தெரிந்தது. நடவு அன்றைக்கு வயலில் மயங்கி விழுந்தாரே, அப்போது சேற்றில் கிடந்த நத்தை ஓடோ எதுவோ கிழித்திருக்கிறது. வருஷக்கணக்காகச் சுகர் இருக்கிற உடம்பு, மரத்துப்போன கால், அவருக்கே தெரியவில்லை. இப்போது விரலைச் சுற்றிக் கறுத்துக்கொண்டு வருகிறது. தினமும் வந்து கட்டுப் போடுகிற நர்ஸ் நேற்றுக் காலையில் முகத்தைச் சுளித்தாள். போட்டோ எடுத்துத் தஞ்சாவூர் டாக்டருக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் டாக்டரே கூப்பிட்டார். "தள்ளிப் போடாதீங்கம்மா. இந்த வாரத்துக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க. விட்டா விரலோட நிக்காது" என்றார். சனிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார்.

அப்பா வர மாட்டேன் என்கிறார். கெஞ்சிப் பார்த்தேன், சத்தம் போட்டுப் பார்த்தேன், சாப்பிடாமல் உட்கார்ந்துகூடப் பார்த்தேன். "உன் பசிக்கு நீதான் சாப்பிடணும்" என்று எழுந்து போய்விட்டார். ஏன் வர மாட்டீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "நான் எதுக்கு? எனக்கு அங்க என்ன வேலை? அதான் அவன் பேசுறானே."

அந்த "அவன்" நீதான். கோபம் வருகிறதா? எனக்கும் முதலில் வந்தது, அவர் மேல். சென்னையிலிருந்து லீவு போட்டு ஓடி வந்து, கார் பிடித்து, டோக்கன் வாங்கி, எல்லாம் செய்த பிள்ளையைப் பற்றி இப்படி ஒரு பேச்சா என்று நினைத்தேன். அப்புறம் ஆவணி மாதம் நாம் மூன்று பேரும் தஞ்சாவூர் போன அந்த நாளை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். நீயும் ஒரு தரம் நினைத்துப் பார்.

டாக்டர் அறையில் அப்பாவுக்கு முக்காலி, எனக்கு நாற்காலி. நீ அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது, கவனித்திருக்கிறாயா? நோயாளி நாக்கை நீட்டுவார், சட்டையைத் தூக்குவார், மூச்சை இழுத்து விடுவார். பேசுவது மட்டும் கூட வந்தவர். டாக்டரும் கூட வந்தவர் முகத்தைப் பார்த்துத்தான் "அப்பாவுக்குப் பசி எப்படி, தூக்கம் எப்படி" என்று கேட்பார். பக்கத்து வீட்டு மாட்டைக் கொண்டுபோய் வைத்தியம் பார்க்கிற மாதிரிதான். அன்றைக்கு டாக்டர் சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஏறியிருக்கே, மாத்திரை ஒழுங்கா போடுறாரா?" என்று கேட்டார். உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் அப்பா வாயைத் திறந்தார். "அந்த மாத்திரைய நான்..." என்றார். அவர் பேச்சு உனக்குத் தெரியுமே, பாதியில் நிற்கும். வெற்றிலை போட்ட காலத்தில் வந்த பழக்கம். வெற்றிலையை விட்டுவிட்டார், நிறுத்துவதை விடவில்லை. அந்த இடைவெளியில் நீ சொன்னாய்: "டெய்லி போடுறாருங்க டாக்டர். நான்தான் மாசாமாசம் ஆன்லைன்ல ஆர்டர் போட்டு அனுப்பிடுறேன்."

டாக்டர் தலையாட்டினார். ஒழுங்காகப் போட்டும் ஏறியிருக்கிறது என்றால் மாத்திரை போதவில்லை என்றுதானே அவர் எடுத்துக்கொள்வார்? கூட்டி எழுதினார், புதிதாக ஒன்றையும் சேர்த்தார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கிடைத்த பதிலுக்கு அவர் சரியான வைத்தியம் செய்தார்.

திரும்பி வருகிற வழியில், காரில் முன் சீட்டிலிருந்து அப்பா மறுபடி ஆரம்பித்தார். "தம்பி, அந்த மாத்திரை விஷயத்துல..." என்றார். நீ பின் சீட்டில் ஏதோ மெயிலுக்குப் பதில் போட்டுக்கொண்டே, "அதான் டாக்டர் மாத்தி எழுதிட்டாருல்லப்பா, இனிமே சரியாயிடும்" என்றாய். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி, விடு" என்றார்.

அவர் சொல்ல வந்தது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த மாத்திரையை அவர் ஆடி மாதத்திலேயே நிறுத்திவிட்டார். "அந்த மாத்திரைய நான் நிறுத்திட்டேன்." இவ்வளவுதான் வாக்கியம். அதன் கடைசிச் சொல்லை நீ போட்டாய். நீ போட்டது தலைகீழாக இருந்தது.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். "நான்" என்று அவர் நிறுத்தியபோது என் மனதும் "போட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று முடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தபின் உன்னைவிட மோசமாக நடந்தேன். புது மாத்திரையை என் கையாலேயே எடுத்துக் கொடுத்து, விழுங்குகிற வரை பக்கத்தில் நின்றேன். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, இது எனக்கு..." என்றார். "ஒத்துக்கும், முழுங்குங்க" என்றேன். ஒத்துக்கும் என்று எனக்கு யார் சொன்னது? அவர் உடம்பு, அவர் வாக்கியம், முடித்தவள் நான். காலையில் தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது என்று அவர் சொல்ல வந்தபோதெல்லாம் "வெயில்ல நிக்காதீங்க" என்று பதில் சொன்னேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது.

சம்பா நடவு அன்றைக்கு மிஷின் வந்துவிட்டது என்று காபியைக் குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடினார். இட்லியைத் தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன் என்று நானும் கிளம்பினேன். அதற்குள் அவர் விழுந்துவிட்டார். பக்கத்து வயல் ராஜேந்திரன் அண்ணனுக்கும் சுகர் என்பதால், அவர் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும். அப்பாவின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்ததைப் பார்த்து, சுகர் இறங்கிவிட்டது என்று அவர் பயந்துபோய், அரை மயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தவர் வாயில் இரண்டு மிட்டாயைத் திணித்திருக்கிறார். நான் வரப்பில் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேர் அவரைச் சேற்றிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். தம்பி, அந்த முகத்தை உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெம்பில்லை. போய்விட்டார் என்றே நினைத்தேன்.

மாயவரத்து ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும்போது ஒரு நர்ஸ் அவரிடம், "முன்னாடியிருந்தே மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாய்யா?" என்று கேட்டாள். அவர், "பழைய மாத்திரைய நான்..." என்று நிறுத்தினார். அந்தப் பெண் பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். வாய் சும்மா இல்லாததால் அவளால் குறுக்கே பேச முடியவில்லை. அவர் சாவகாசமாக மூச்சு விட்டு, "நிறுத்திட்டேம்மா. ஆடியிலயே நிறுத்திட்டேன்" என்றார். இப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. கட்டிய பெண்டாட்டிக்கும் பெற்ற பிள்ளைக்கும் கிடைக்காதது ஒரு பிளாஸ்திரித் துண்டின் புண்ணியத்தில் வெளியே வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேடிக்கை என்னவென்றால், கேட்பதற்காகவே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவள் நான். கோர்ட்டில் டைப்பிஸ்ட். சாட்சி சொல்வதை நீதிபதி எடுத்துச் சொல்ல, நான் அடிக்க வேண்டும். எனக்கு வேகம் ஜாஸ்தி, அதனால் கொஞ்சம் கர்வமும் ஜாஸ்தி. நீதிபதி சொல்வதற்குள் சாட்சியின் வாயைப் பார்த்தே அடித்துவிடுவேன். ஒரு தரம் வரப்புத் தகராறு வழக்கு. கூண்டில் ஒரு பெரியவர், "அந்த வரப்ப நான் வெட்ட..." என்று ஆரம்பித்து இருமினார். நான் "வெட்டினேன்" என்று அடித்து முடித்துவிட்டேன். வக்கீலும் "வெட்டினீங்க, அப்படித்தானே?" என்று துள்ளினார். பெரியவர் இருமலை முடித்துவிட்டு, "வெட்ட விடலீங்க" என்றார். நீதிபதி என் பக்கம் திரும்பி, "அம்மா, அவர் இன்னும் முடிக்கலையே" என்றார். கோர்ட்டே சிரித்தது. அந்த ஒரு சொல்லின் மேல் வரிசையாக எக்ஸ் அடித்து மறைத்தேன், காது சுட்டது.

நம் பேச்சு அப்படிப்பட்டது. யார், எதை, எங்கே என்பதெல்லாம் முன்னால் வந்துவிடும். செய்தேனா, செய்யவில்லையா, செய்யலாமா, செய்யவே கூடாதா என்பது கடைசிச் சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். ஒருவர் "தண்ணிய வடிக்க" என்றால் வடிக்கச் சொல்கிறாரா, வடிக்க வேண்டாம் என்கிறாரா, வடிக்க ஆள் இல்லை என்று புலம்புகிறாரா? அவர் வாயை மூடுகிற வரை யாருக்கும் தெரியாது. நாம் முக்கால் வாக்கியத்தில் புகுந்துவிடுகிறோம். புகுந்து, நமக்கு எது வசதியோ அந்தச் சொல்லை ஒட்டவைத்துக்கொள்கிறோம். வேலையில் எனக்கு இது ஒரு சிரிப்போடு போனது. வீட்டில் அதையே செய்தேன், யாரும் சிரிக்கவில்லை, யாரும் திருத்தவும் இல்லை. உன் அப்பா மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அவர் சுபாவமே அப்படி என்று எல்லோரிடமும் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன்னை வளர்த்ததும் அதே கணக்கில்தான். பேச்சுப் போட்டி என்றால் சீர்காழிக்கும் கும்பகோணத்துக்கும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். நீ வாங்கிய கப்புகள் இன்னும் பீரோ மேல் தூசி படிந்து நிற்கின்றன. எதிரணிக்காரன் மூச்சு வாங்குவதற்குள் நீ பாய்ந்து மடக்குவாய், நான் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவேன். அடுத்தவன் என்ன சொல்கிறான் என்று கேட்கிற போட்டியை எந்தப் பள்ளிக்கூடத்திலும் வைக்கவில்லை. வைத்திருந்தாலும் உன்னை அழைத்துப் போயிருப்பேனா என்பது சந்தேகம்தான். அடுத்தவர் பேசும்போது நீ கேட்பது எதற்காக என்றால், உன் முறை எப்போது வரும் என்று பார்ப்பதற்காக. இதைப் படிக்கும்போதே உனக்குள் ஒரு பதில் தயாராகிக்கொண்டிருக்கும். அதைக் கொஞ்சம் ஓரமாக வை.

போன தரம் நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தபோது நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வித்யா வெங்காயம் உரித்துக்கொண்டே, "நேத்து ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் எங்க மேனேஜர் என்னை..." என்று ஆரம்பித்தாள். நீ உடனே, "விடாத, மெயில்ல போடு, எழுத்துல இருக்கணும், இல்லன்னா இவனுங்க ஏறி மிதிச்சுடுவானுங்க" என்றாய். ஐந்து நிமிஷம் வழி சொன்னாய், நல்ல வழிதான். அவள் கேட்டுவிட்டு, "சரி, விடுங்க" என்றாள். அப்புறம் நான் தனியாகக் கேட்டேன். எல்லார் முன்னாடியும் மேனேஜர் அவளைப் பாராட்டியிருக்கிறார். அதை உன்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட வந்தவளுக்கு நீ சண்டை போடச் சொல்லிக்கொடுத்து அனுப்பினாய்.

அந்த "சரி, விடுங்க"வை அன்றைக்கு நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். காரில் அப்பா சொன்ன "சரி, விடு"வையும் அப்படித்தான். நம் வீட்டில் அந்த வார்த்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை விழுகிறது என்று இப்போதுதான் காதில் படுகிறது. ஒத்துக்கொண்டவர்கள் அதைச் சொல்வதில்லை. சொல்லிப் பார்த்து அலுத்தவர்கள்தான் சொல்கிறார்கள். இனிமேல் யாராவது உன்னிடம் "சரி, விடு" என்றால் விட்டுவிடாதே. "இல்ல, நீங்க சொல்லுங்க, நான்தான் குறுக்கே வந்துட்டேன்" என்று சொல். வெட்கமாக இருக்கும். எனக்கும் இருந்தது. அந்த வெட்கத்தில் செத்துப்போய்விட மாட்டாய்.

அப்பா மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்பதை நேற்று மத்தியானம் தெரிந்துகொண்டேன். நான் கேள்வி மேல் கேள்வி போடவில்லை. முருங்கைக்கீரையை ஒரு கட்டு எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தேன். கைக்கு வேலை இருந்தால் வாய் கொஞ்சம் அடங்குகிறது என்று பிளாஸ்திரி கிழித்த அந்த நர்ஸைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். "ஆடியில அப்படி என்னதான் ஆச்சு?" என்று ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டுக் கீரையைப் பார்த்தேன். அவர் வாய்க்காலில் தண்ணீர் வந்த கதையில் ஆரம்பித்தார். மடைப்பலகை உளுத்துப்போனதைச் சொன்னார். எனக்கு நாக்கு நமநமவென்றது, "விஷயத்துக்கு வாங்க" என்று சொல்லத் துடித்தது. கீரைக் காம்பை நசுக்கிக்கொண்டேன். அப்புறம் சொன்னார். ஒரு நாள் விடிகாலையில் மடை திறக்கப் போனவருக்குத் தலை சுற்றி, வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டார். மார்பு வரை தண்ணீர். ஒரு பூவரசங்கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, தெளிந்த பிறகு தானே ஏறி வந்தார். ஈர வேட்டியோடு வந்ததற்கு "வழுக்கிடுச்சு" என்று சொன்னார், நானும் கொடியில் உலர்த்தினேன். மாத்திரையால்தான் இப்படி வருகிறது என்று அவராகவே முடிவு கட்டி அன்றோடு நிறுத்திவிட்டார்.

"இவ்வளவு நடந்திருக்கு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். உதிர்ந்த கீரையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். அப்புறம், "சொன்னா குத்தகைக்கு விடுங்கம்பான்" என்றார்.

தம்பி, இந்த இடத்தில் நின்று இரண்டாம் தரம் படி. நீ நல்லதுக்குத்தான் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று நீ கூப்பிடாத மாதம் இல்லை. ஆனால் அவர் இடுப்பு வலி என்றாலும் குத்தகை, உரம் கிடைக்கவில்லை என்றாலும் குத்தகை, வயலில் நாரை நிறைய வந்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னாலும் குத்தகை. எந்தப் பேச்சை எடுத்தாலும் நீ கொண்டுபோய் அந்த ஒரே இடத்தில் இறக்கிவிடுகிறாய். அதனால் வயலைக் காப்பாற்றிக்கொள்ள அவர் உடம்பை மறைக்க ஆரம்பித்துவிட்டார். விழுந்ததை மறைத்தார், மாத்திரையை மறைத்தார். இந்தக் காலில் ஈரம் கசிந்ததைக்கூட இரண்டு நாள் துணி சுற்றி மறைத்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னும் எதை மறைத்து வைத்திருக்கிறாரோ என்று அவர் தூங்கும்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீயும் பயத்தில்தான் பேசுகிறாய், அதுவும் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே உனக்குப் பயம் வந்தால் வாய் ஓடும். ஊசி போடப் போனால் கம்பவுண்டரிடம் விடாமல் கதை பேசுவாய். அப்பா முடிப்பதற்குள் நீ முடித்துவிட்டால், கெட்ட செய்தி எதுவும் வராது என்று உனக்குள் ஒரு எண்ணம். வந்துவிட்டது, பார்த்தாயா.

அதனால் சனிக்கிழமை இப்படிச் செய். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலைப் பிடி. வீட்டுக்குள் நுழைந்ததும் காலைக் காட்டுங்கள் என்று பாயாதே. அவர் எதிரே போலீஸ்காரன் மாதிரி நிற்காமல் பக்கத்தில் உட்கார். போனை என்னிடம் கொடுத்துவிடு, உன் ஆபீஸ் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. அவர் ஒரு வாக்கியத்தை நிறுத்தினால், முடிந்துவிட்டது என்று நினைத்தாலும் இன்னும் கொஞ்சம் பொறு. உனக்கு அந்தச் சும்மா இருக்கும் நேரம் யுகமாகத் தெரியும், அவருக்கு அது மூச்சு விடுகிற நேரம். "ம்" கொட்டுவதானால் அவர் முகத்தைப் பார்த்துக் கொட்டு. சொன்னது புரியவில்லை என்றால் புரிந்த மாதிரி தலையாட்டாமல், "நீங்க சொல்றது இப்படித்தானேப்பா?" என்று கேள். அவர் இல்லை என்றால் மறுபடி கேள். வழி சொல்லாதே. வழி வேண்டும் என்றால் அவரே கேட்பார். குத்தகை என்ற சொல் அன்று முழுக்க உன் வாயிலிருந்து வரக் கூடாது, நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் உனக்குக் கஷ்டம். வாய்க்காலில் விழுந்ததை நான் உன்னிடம் சொன்னது, நீ டாக்டரிடம் ஒப்பிப்பதற்கு அல்ல. அதை அவர்தான் சொல்ல வேண்டும். டாக்டர் உன் முகத்தைப் பார்த்துக் கேட்பார், நீ அப்பா முகத்தைப் பார். டாக்டரும் தன்னால் திரும்புவார். அப்பா தடுமாறினால் தோளில் கை வை, வார்த்தையை எடுத்துக் கொடுக்காதே. அவர் மறைத்ததை எல்லாம் அவர் வாயாலேயே கொட்டினால்தான் அந்தக் காலுக்கு வைத்தியம் பார்க்க முடியும். நீயும் நானும் நிரப்பிக் கொடுத்த பதில்களுக்குப் பார்த்த வைத்தியம் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டோம்.

இவ்வளவு சொல்கிறாயே, வேறு யாராவது கூட்டிப் போகக் கூடாதா என்று நீ கேட்கலாம். கேட்டேன். இன்று காலையில், "ராஜேந்திரன் அண்ணன் காரை எடுத்துக்கிட்டு வர்றேங்கிறாரு, அவரோட போயிட்டு வந்துடுவோமா?" என்றேன். "வேணாம்" என்றார். "பின்னே யாரோடதான் போவீங்க?" என்று கேட்டுவிட்டு, இந்தத் தரம் நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அவன் வர்றானா?"

ஞாயிற்றுக்கிழமை போனில், ஒரு நடை வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போ என்றதற்கு நீ மாசக் கடைசி, வேலை நெருக்கடி, "பாக்குறேம்மா" என்று சொன்னாய். உன் "பாக்குறேன்" எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வர்றான்" என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குதிகாலை ஊன்றிக் கொல்லைப் பக்கம் நடந்தார். விழுந்த நாளிலிருந்து முகத்தில் கத்தி வைக்காதவர், கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு இப்போது சவரம் செய்துகொண்டிருக்கிறார். இதை எழுதும்போது தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்கிறது.

உன்னைக் கேட்காமல் உனக்காக நான் பதில் சொன்னது தப்புதான், தம்பி. அதைப் பொய்யாக்கிவிடாதே.

அம்மா